எடிட்டிங் பழக எங்கே உட்காருவது?

திருமங்கலத்திலிருந்து அக்கா மகன் போன் செய்தான். விஸ்காம் முடித்து எட்டு மாதம் ஆகிறது அவனுக்கு. "மாமா, நாலு இடம் இருக்கு, எதுக்குப் போறது?" என்றான். விசாரித்துப் பார்த்தால் ஆள் வேண்டும் என்று கூப்பிட்டது இரண்டு இடம்தான். ஊரிலேயே ஒரு கல்யாண ஸ்டுடியோ. மதுரையில் ஒரு யூடியூப் சேனல், மாதச் சம்பளம். மற்ற இரண்டும் மனக்கணக்கு: சென்னைக்கு வந்து சினிமா எடிட்டர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்வது, இல்லையென்றால் அவனுடைய பேராசிரியர் சொன்னபடி புனேவிலோ கொல்கத்தாவிலோ உள்ள திரைப்படக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதுவது.

நான் மதுரையில் இரண்டு வருடம் கல்யாண வீடியோ வெட்டியவன். 2009ல் சென்னை சாலிகிராமத்துக்கு வந்து ஒரு சினிமா எடிட்டரிடம் நான்கு வருடம் உதவியாளராக இருந்தேன். நடுவில் கையில் காசில்லாத ஒரு காலத்தில் சீரியல். திரைப்படக் கல்லூரியில் படித்தவர்களோடும் யூடியூப் பிள்ளைகளோடும் இப்போது சேர்ந்து வேலை பார்க்கிறேன். போனில் அவனிடம் சொன்னது அரைகுறை. அதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

சம்பளத்தை நான் முதலில் கேட்கவில்லை. "நீ கட் பண்ணதைப் பாத்துட்டு, இந்த இடம் தப்புன்னு சொல்ல அங்க யாரு இருக்கா?" என்று கேட்டேன். அவனுக்கு அது புரியவில்லை.

எடிட்டிங்கில் தப்பு தானாக வெளியே தெரியாது. ஃபோகஸ் போனால் யாருக்கும் தெரியும். மைக்கில் காற்று அடித்தால் யாருக்கும் கேட்கும். ஒரு ஷாட்டைப் பத்து ஃப்ரேம் கூடுதலாக விட்டால் பார்ப்பவருக்கு லேசாகச் சலிப்பு தட்டும், அவ்வளவுதான். கதை சரியில்லை என்பார், நடிகர் சுமார் என்பார், வெட்டிய இடம் தப்பு என்று சொல்லவே மாட்டார். சினிமா வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடுகிறது. பத்து ஃப்ரேம் என்றால் அரை வினாடிகூட இல்லை. மென்பொருள் மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும். அந்த அரை வினாடி கண்ணுக்குத் தெரியத்தான் வருடங்கள் ஆகும். அதற்கு, ஏற்கனவே அது தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி சாதாரணமானது. கண் வரும் வரைக்கும் வாடகை யார் கொடுப்பது? இந்த இரண்டையும் வைத்துத்தான் நான்கு இடத்தையும் எடை போட்டேன்.

சினிமா எடிட்டரின் அறை

அவன் நினைத்துக்கொண்டிருப்பது வேறு, இருப்பது வேறு. சாலிகிராமம், வளசரவாக்கம், விருகம்பாக்கம் பக்கத்துத் தெருக்களில் எடிட்டிங் அறை என்பது பெரும்பாலும் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வாடகை வீடு. ஹாலில் பழைய போஸ்டர். ஒரு அறையில் ஏசி, பெரிய மானிட்டர், எடிட்டர், பின்னால் ஒரு சோபா. இன்னொரு அறையில் இரண்டு மூன்று கணினிகள், உதவியாளர்கள், சுவர் ஓரம் அடுக்கிய ஹார்ட் டிஸ்க்குகள். வாசலில் யாருடைய செருப்பு கிடக்கிறது என்பதை வைத்து உள்ளே எந்த இயக்குநர் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

அங்கே புதிதாகச் சேர்ந்தவன் எதையும் வெட்டுவதில்லை. படப்பிடிப்பிலிருந்து டிஸ்க் வரும். அதை இரண்டு பிரதி எடுத்து, எல்லா கிளிப்பும் திறக்கிறதா என்று பார்த்து, எடிட் செய்ய லேசான பிராக்ஸி ஃபைல்களாக மாற்ற வேண்டும். கிளாப் சத்தத்தை வைத்து ஒலியைப் படத்தோடு ஒட்ட வேண்டும். தளத்தில் எழுதிய ரிப்போர்ட் ஷீட்டைப் பார்த்து எது ஓகே டேக், எது என்ஜி (வேண்டாத டேக்) என்று பெயர் போட்டு அடுக்க வேண்டும். பிறகு லைன்-அப்: காட்சியை எழுதிய வரிசைப்படி ஓகே டேக்குகளை நீட்டமாகப் போட்டு வைப்பது. இதிலேயே முதல் வருடம் போய்விடும்.

அடுத்த கட்டம் இதைவிடச் சிக்கல். படம் லாக் ஆனதும், அதாவது இனி வெட்டு மாறாது என்று முடிவானதும், ஏறத்தாழ இருபது நிமிட ரீல்களாகப் பிரித்து, டப்பிங்குக்கு ஒன்று, ஆர்ஆருக்கு (பின்னணி இசைக்கு) ஒன்று, சிஜிக்கு (கணினி வரைகலைக்கு) ஷாட் பட்டியல், டிஐக்கு (நிறம் சரிசெய்யும் இடத்துக்கு) எக்ஸ்எம்எல் என்ற வெட்டுப் பட்டியல் ஃபைல் என்று ஒவ்வொரு இடத்துக்கும் அவரவர் கேட்கும் வடிவத்தில் அனுப்புவது உதவியாளர் வேலை. லாக் என்பது பேச்சுக்குத்தான். ஆர்ஆர் முடிந்த பிறகு, "அந்த வாசல் ஷாட்ல ஒரு அரை செகண்ட் எடுத்துடலாமா" என்று இயக்குநர் கேட்பார். அவர் எடுக்கச் சொல்வது 12 ஃப்ரேம். அது போனால் அந்த ரீலில் அதற்குப் பின்னால் உள்ள வசனம், இசை, சத்தம் எல்லாமே 12 ஃப்ரேம் தள்ளிப் போகும். எந்த ரீல், எந்த டைம்கோடு, எத்தனை ஃப்ரேம் என்று மாற்றக் குறிப்பு எழுதி எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். நான் ஒருமுறை மூன்றாவது ரீலின் பழைய பதிப்பைச் சவுண்டுக்கு அனுப்பிவிட்டேன். மிக்ஸிங் தியேட்டரில் நாயகி வாய் மூடிய பிறகு குரல் வந்தது. ஒரு நாள் வாடகை போச்சு. என் எடிட்டர் திட்டவில்லை. ஒரு மாதம் என்னிடம் எந்த ஃபைலையும் கொடுக்காமல் இருந்தார், அது திட்டியதைவிட மோசம்.

இதெல்லாம் குமாஸ்தா வேலைதானே, வெட்டுவது எப்போது என்று மருமகன் கேட்டான். நல்ல கேள்வி. ஃபிலிம் காலத்தில் இதற்குப் பதில் சுலபமாக இருந்தது. 1000 அடி ரோல் ஓடுவது 11 நிமிடம்தான். ஃபிலிமுக்குக் காசு, அதனால் அளந்து எடுத்தார்கள். மூவியோலா, ஸ்டீன்பெக் என்ற ஃபிலிம் எடிட்டிங் இயந்திரங்களில் எடிட்டர் உட்கார்ந்திருக்க, வெட்டிய துண்டுகளை எண் போட்டு மாட்டி வைத்து, கேட்டவுடன் எடுத்து நீட்ட உதவியாளர் பக்கத்திலேயே நின்றாக வேண்டும். நாள் முழுக்க எடிட்டரும் இயக்குநரும் வாதாடுவது காதில் விழும். ஏன் அந்தத் துண்டு திரும்ப உள்ளே போனது என்பது கேட்காமலே தெரியும். சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் அவிட் என்ற எடிட்டிங் மென்பொருளை இங்கே கொண்டுவர, 1990களில் வேலை அந்த இயந்திரங்களிலிருந்து கணினிக்கு மாறியது. துண்டை எடுத்து நீட்ட ஆள் வேண்டாம். உதவியாளர் அடுத்த அறைக்குப் போனான், பல இடங்களில் இரவு ஷிஃப்டுக்கும் போனான். எடிட்டர் பகலில் வெட்டுவார், இவன் இரவில் அடுக்குவான். ஒரே வீட்டில் இருந்துகொண்டே இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளாத நாட்கள் உண்டு.

அதனால் ஒரு எடிட்டரிடம் சேரும்முன் அவர் எத்தனை பெரிய படம் செய்கிறார் என்று பார்க்காதே என்றேன். அவர் வெட்டும்போது உதவியாளர்கள் அந்த அறையில் உட்காரலாமா என்று அங்கே வேலை பார்க்கும் பையனிடம் டீக்கடையில் வைத்துக் கேள். உட்காரலாம் என்றால் சம்பளம் பாதியானாலும் சேரலாம். உட்கார முடியாது என்றால், பெயர் பெரிய பெயராக இருந்தாலும், நீ கற்கப்போவது ஃபைல் மேலாண்மை. அதுவும் சோறு போடும் தொழில்தான், ஆனால் நீ கேட்டது அது இல்லை.

தமிழில் இந்தத் தொழில் பெரும்பாலும் இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கைமாறி வந்திருக்கிறது. இயக்குநர் இரட்டையர் கிருஷ்ணன்-பஞ்சுவிடம் உதவி எடிட்டராக இருந்த பீம்சிங் இயக்குநரானார். அவருடைய மகன் லெனின் எடிட்டர் ஆனார். லெனினும் வி.டி. விஜயனும் சேர்ந்து வேலை பார்த்த அறையில் உதவியாளராக இருந்தவர் கிஷோர். 'ஆடுகளம்' படத்துக்கும், மறைந்த பிறகு 'விசாரணை' படத்துக்கும் தேசிய விருது பெற்றவர். ஶ்ரீகர் பிரசாத் தன் தந்தை சஞ்சீவியிடம் பழகியவர். அந்த வரிசையில் ஒரு இடம் கிடைப்பது பெரிய விஷயம். மறுக்கவில்லை.

காசு? எனக்கு முதல் ஆறு மாதம் சம்பளம் கிடையாது. சாப்பாடும் டீயும் உண்டு. பிறகு மாதம் 5,000. அறை வாடகையில் என் பங்கு 1,500. அப்பா அனுப்பிக்கொண்டிருந்தார். இன்று தொகை கூடியிருக்கிறது, வாடகை அதைவிடக் கூடியிருக்கிறது. நான்கு வருடம் கழித்துத் தனியாக எடுத்த முதல் படம் இன்றுவரை வெளியாகவில்லை. இரண்டாவது படத்தில் கடைசித் தவணை வரவில்லை. அட்வான்ஸ், பாதி முடிந்ததும் கொஞ்சம், ரிலீசுக்கு முன் மீதி என்பது பேச்சு. அந்த மீதி என்பது புது ஆளுக்கு வராத காசு என்று வைத்துக்கொண்டே கணக்குப் போட வேண்டும். திரைத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியோடு இணைந்த எடிட்டர்கள் சங்கத்தில் கார்டு எடுக்கும் செலவும் ஒரு கட்டத்தில் வரும். ஆக, மூன்று நான்கு வருடம் வீட்டிலிருந்து தாங்க ஆள் இருந்தால் மட்டுமே இது முதல் வழி. ஆள் இல்லாதவன் வேறு வழியில் காசு சேர்த்துக்கொண்டு வர வேண்டும்.

படப்பிடிப்புத் தளத்திலேயே உட்கார்ந்து வெட்டும் ஸ்பாட் எடிட்டர் வேலை இதன் ஒரு கிளை. நாள் பேட்டா உண்டு, இயக்குநர் தோளுக்குப் பின்னால் நிற்பார், வேகம் வரும். வெயிலும் ஜெனரேட்டர் சத்தமும் இலவசம்.

நுழைவுத் தேர்வு எழுதினால்

புனே திரைப்படக் கல்லூரி 1960ல் பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் தொடங்கியது. கொல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரில் உள்ளது 1995ல் வந்தது. இரண்டிலும் எடிட்டிங் தனிப் படிப்பு, மூன்று வருடம், ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் எழுதலாம். இடங்கள் மிகக் குறைவு. சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் உள்ள அரசு நிறுவனத்திலும் எடிட்டிங் உண்டு. அது பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கான பட்டப்படிப்பு என்பதால் மருமகனுக்கு வண்டி போய்விட்டது. இதைப் படிக்கும் ப்ளஸ் டூ பிள்ளைகள் கவனித்துக்கொள்ளலாம், தனியார் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அங்கே கட்டுவது ஒன்றுமே இல்லை.

கல்லூரியில் கிடைக்கும் பெரிய வசதி, தப்புச் செய்ய இடம் கொடுப்பது. ஒரே காட்சியின் ரஷ்ஷை, அதாவது வெட்டாத மூலப் பதிவை, பத்துப் பேரிடம் கொடுத்து வெட்டச் சொல்வார்கள். பத்துப் பேரும் பத்து விதமாக வெட்டியிருப்பார்கள். அதை எல்லோரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். உன்னுடையதில் எங்கே தொய்கிறது என்று ஆசிரியர் சொல்வதற்கு முன்பே, பக்கத்தில் இருப்பவனுடையதைப் பார்த்து உனக்கே தெரிந்துவிடும். சாலிகிராமத்தில் இது கிடைக்கவே கிடைக்காது. ஓடுகிற படத்தின் காட்சியை எவன் பத்துப் பேருக்குக் கொடுப்பான்? என் முதல் கேள்விக்கு நான்கில் நல்ல பதில் இதுதான்.

கூட வேலை பார்த்த புனே பையன் ஒருவனிடம் நான் கண்ட வித்தியாசம் ஒன்று. ஒரு காட்சி நிற்கவில்லை என்றால் நான் ஷாட்டை மாற்றிப் போட்டுப் பார்ப்பேன். அவன் முதலில் அந்தக் காட்சி யாருடையது என்று கேட்பான். வசனம் பேசுபவருடையதா, கேட்பவருடையதா? அதை முடிவு செய்த பிறகுதான் கையை வைப்பான். எனக்கு அது வர எட்டு வருடம் ஆனது, அதுவும் பெயர் தெரியாமல் வந்தது. அங்கே எடிட்டிங் படித்தவர்கள் எல்லோரும் எடிட்டராகவே இருந்துவிடுவதும் இல்லை. ராஜ்குமார் ஹிரானி புனேயில் படித்தது எடிட்டிங்தான்.

குறை என்னவென்றால், மூன்று வருடம் முடித்து வரும்போது உன் சகாக்கள் மும்பையிலும் கொச்சியிலும் கொல்கத்தாவிலும் இருப்பார்கள். கோடம்பாக்கத்தில் உன்னை யாருக்கும் தெரியாது. அப்போதும் ஒரு அறையில் போய் டிஸ்க் பிரதி எடுத்துத்தான் தொடங்க வேண்டும், பட்டத்தோடு. சிலருக்கு அது மானப் பிரச்சினையாகி நின்றுவிடுகிறார்கள். தேர்வு எழுதினால் கிடைத்துவிடும் என்றும் இல்லை. அதனால் இதை ஒரு முடிவாக எடுக்காதே, மற்ற வேலை பார்த்துக்கொண்டே எழுது, கிடைத்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் போ என்றேன்.

மூன்று மாதம், ஆறு மாதம் என்று தெருவுக்குத் தெரு இருக்கும் எடிட்டிங் பயிற்சி மையங்களைப் பற்றி ஒரு வரி. அங்கே பயிற்சிக்கு என்ன ரஷ் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு முழுக் காட்சி, எல்லாக் கோணங்களும், எல்லா டேக்கும் கொடுத்தால் யோசிக்கலாம். இணையத்தில் இறக்கிய டிரெய்லரைத் திரும்ப வெட்டச் சொன்னால் வேண்டாம். ஏற்கனவே ஒருவர் தேர்ந்தெடுத்து முடித்த ஷாட்டில் நீங்கள் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது?

கல்யாண ஸ்டுடியோ

சினிமாக்காரர்கள் இதைக் கேவலமாகப் பேசுவார்கள். நானும் சாலிகிராமம் வந்த புதிதில் கல்யாண வீடியோ செய்தவன் என்று சொல்லாமல் மறைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை.

ஒரு கல்யாணம் என்றால் முந்தைய நாள் மாலை வரவேற்பு, மறுநாள் முகூர்த்தம். சடங்கை முழுதாக எடுக்கும் டிரெடிஷனல் கேமரா இரண்டு, இயல்பான தருணங்களைப் பிடிக்கும் கேண்டிட் ஒன்று, வசதி இருந்தால் ட்ரோன். மணிக்கணக்கில் வந்து குவியும். அதிலிருந்து இரண்டு மூன்று மணி நேர முழு வீடியோ, நாலைந்து நிமிட ஹைலைட்ஸ், போனில் அனுப்ப அரை நிமிட ரீல். தமிழ்நாட்டுக் கல்யாண ஸ்டுடியோக்களில் இன்றும் எடியஸ் என்ற மென்பொருள்தான் ராஜா. பலவிதக் கேமரா ஃபைலை மாற்றாமல் அப்படியே போட்டு ஓட்டிவிடலாம் என்பதால். ஒரு கேமரா 25 ஃப்ரேமில், இன்னொன்று 50ல், மாப்பிள்ளையின் நண்பன் போனில் எடுத்தது 30ஐ ஒட்டி ஏறியும் இறங்கியும் இருக்கும். அந்தப் போன் வீடியோவில் போகப் போகச் சத்தம் உதட்டை விட்டு விலகும். இதை எல்லாம் சமாளித்துப் பழகியவனுக்குச் சினிமாவில் வரும் தொழில்நுட்பத் தொல்லைகள் பாதி ஏற்கனவே தெரிந்தவை.

தாலி கட்டுவதற்கு இரண்டாவது டேக் கிடையாது. கட்டும் நொடியில் கேமராவுக்கு முன்னால் யாரோ ஒரு பெரியவர் அட்சதையோடு கையைத் தூக்கியிருப்பார். இருப்பதை வைத்து அந்த நொடியை நிற்க வைக்க வேண்டும். பெண்ணின் அம்மா கண், பாட்டியின் கைகூப்பல், நாதஸ்வரக்காரர் கன்னம் என்று தேடுவாய். அந்தத் தேடல்தான் ரியாக்‌ஷன் ஷாட் பற்றி நான் படித்த முதல் பாடம். ஒரு வருடத்தில் ஒரு பையன் முப்பது நாற்பது வேலை முடித்துக் கொடுத்துவிடுவான். உதவி எடிட்டர் நான்கு வருடத்தில் தன் கையால் முடித்துக் கொடுத்தது என்று ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம்.

ஆனால் என் முதல் கேள்வியை இங்கே கேட்டுப் பார். தப்பு என்று யார் சொல்வது? வாடிக்கையாளர் சொல்வார்: "எங்க சித்தப்பா மொய் எழுதினது வரலையே", "தாய்மாமன் சீர் சின்னதா போயிருச்சு". உசிலம்பட்டிக் கல்யாணம் ஒன்றில் தாய்மாமன் சீர் வரிசையை ஒன்றரை நிமிடத்துக்குச் சுருக்கிவிட்டேன். அந்த மாமா கடைக்கே வந்துவிட்டார். முழு வீடியோவில் பதினெட்டு நிமிடம் ஆனது அது. அவர் கேட்டது நியாயமும்தான், அந்த வீடியோ யாருக்காக என்று அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஷாட் எங்கே நீண்டது என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். கடை முதலாளிக்கு டெலிவரி போனால் சரி.

அப்படிச் சொல்ல ஆள் இல்லாததால் சில பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றையும் பாட்டால் மூடிவிடுவது, நடந்து வந்தாலே ஸ்லோமோஷன், இரண்டு ஷாட் ஒட்டவில்லை என்றால் நடுவில் ஒரு டிரான்சிஷன். என் எடிட்டர் என்னிடம் முதன்முதலில் கொடுத்த காட்சியை நான் வெட்டிக் காட்டியபோது, இசையை ம்யூட் செய்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னார். ஒன்றுமே இல்லை அதில். இரண்டு வருடத்துக்கு மேல் கல்யாணத்தில் இருந்தால் இந்தப் பழக்கங்கள் கையோடு வளர்ந்துவிடும் என்பது என் கணக்கு.

காசு கையில் வரும். ஆனால் சீராக வராது. ஆடியும் மார்கழியும் காய்ந்து கிடக்கும், தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் தூங்க நேரம் இருக்காது. இந்த ஏற்ற இறக்கத்தைத் திட்டினவன்தான் நானும். மருமகனுக்கு அது ஒரு வசதியாகவும் ஆனது, பின்னால் சொல்கிறேன்.

யூடியூப், சேனல், சீரியல்

யூடியூப்காரர்களிடம் நான் பொறாமைப்படும் விஷயம் ஒன்று உண்டு. வீடியோ போட்ட மறுநாளே, எந்த வினாடியில் எத்தனை பேர் எழுந்து போனார்கள் என்று கோடு போட்டுக் காட்டிவிடுகிறது. முப்பதாவது வினாடியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்பது தனியாகத் தெரியும். சினிமாவில் இதற்கு முதல் நாள் முதல் காட்சி வரை காத்திருந்து, இருட்டில் யார் போனை எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தப்புச் சொல்லும் ஆள் வேண்டும் என்றேனே, இங்கே அந்த ஆள் ஒரு கோடு. தாட்சண்யம் இல்லாத ஆள்.

ஆனால் எங்கே போனார்கள் என்று சொல்லும் அந்தக் கோடு, ஏன் போனார்கள் என்று சொல்லாது. அதனால் பையன்கள் பயந்து எல்லா மூச்சையும் வெட்டுகிறார்கள். பேச்சுக்கு நடுவே ஒருவர் யோசிக்கும் நொடி, சொல்லிவிட்டுக் கீழே பார்க்கும் நொடி, எல்லாம் போய்விடும். இப்படி இரண்டு வருடம் பழகியவனிடம் ஒரு சோகக் காட்சியைக் கொடுத்தால் அமைதியைக் கண்டு நடுங்குகிறான். ஒரு நல்ல பையனை இப்படிப் பார்த்தேன். கெட்டிக்காரன், வேகம் என்றால் அப்படி ஒரு வேகம், ஒரு முகத்தை மூன்று வினாடிக்கு மேல் விட அவனால் முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேச்சிலிருந்து எழுத்தைத் தானே போடுவது, இழுவையான இடைவெளிகளைத் தானே நீக்குவது, நீண்ட பேட்டியிலிருந்து குட்டித் துண்டு எடுப்பது எல்லாம் இப்போது மென்பொருளே செய்கிறது. பிரீமியர் என்ற எடிட்டிங் மென்பொருளில் 2023 முதல் எழுத்தை அழித்தால் வீடியோ வெட்டுப்படுகிறது. தமிழ்ப் பேச்சில் இன்னும் தடுமாறுகிறது என்றாலும் நாளுக்கு நாள் திருந்தும். யூடியூப் எடிட்டரின் முதல் வருட வேலையில் பெரும்பகுதி இதுதான். யாரை முதலில் வேலையிலிருந்து குறைப்பார்கள் என்று யோசித்தால் சம்பளத்தின் கவர்ச்சி கொஞ்சம் குறையும். ஒன்றாம் தேதி வருகிறது என்பது உண்மை, அதை நான் இளப்பமாகப் பேச மாட்டேன். ஒன்றாம் தேதி என்றால் என்ன என்று தெரியாமல் ஆறு வருடம் இருந்தவன் நான்.

செய்திச் சேனலில் வேகமும் பொறுப்பும் வரும், வேறு அதிகம் வராது. பைட் (ஒருவர் பேசும் துண்டு), விஷுவல், விஓ (பின்குரல்) என்று ஒரே சட்டம், ஷிஃப்ட் முடிந்தால் வீடு.

அவன் பட்டியலில் இல்லாத ஒன்றை நானாகச் சேர்த்தேன்: சீரியல். அரை மணி நேர இடத்துக்கு இருபது இருபத்திரண்டு நிமிடம், வாரத்துக்கு ஐந்தோ ஆறோ எபிசோட். எல்லாமே ஆட்கள் நின்று பேசுவது. இரண்டு பேர் பேசும் காட்சியை வெட்டுவதுதான் இந்தத் தொழிலின் அரிச்சுவடி. சினிமா உதவியாளனுக்கு வருடத்தில் பத்துக் காட்சி கிடைத்தால் அதிகம், சீரியலில் ஒரு வாரத்தில் அதைவிட அதிகம் கிடைக்கும். மூத்த எடிட்டர் ஒருவர் ஒளிபரப்புக்கு முன் பார்ப்பார், சேனலிலிருந்து ஒருவர் பார்ப்பார், இரண்டு பேரும் குறை சொல்வார்கள். மாமியார் முகத்துக்கு மூன்று முறை ஜூம் போடச் சொல்வார்களே என்றான் மருமகன். சொல்வார்கள்தான். அந்த ஜூமைப் போட்டுக்கொண்டே, கேட்கும் முகத்துக்கு எப்போது போவது என்பதையும் பழகலாம். எனக்கு வசனக் காட்சி கைக்கு வந்தது அந்த ஒன்பது மாதத்தில். சினிமாவுக்கு வர நினைப்பவனுக்கு யூடியூபைவிடச் சீரியல் மேல் என்பது என் கட்சி. நண்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

எந்த மென்பொருள், எந்தக் கணினி?

இதற்கு அதிக நேரம் வேண்டாம். சினிமா அறைகளில் அவிட்டும் பிரீமியரும் பார்க்கலாம், கல்யாணத்தில் எடியஸ், கலர் செய்யும் இடங்களில் ரிசால்வ். காசில்லாமல் பழக ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். ஒன்றில் ஒழுங்காக வெட்டத் தெரிந்தவன் இன்னொன்றுக்கு இரண்டு வாரத்தில் மாறிவிடுவான். கடன் வாங்கிப் பெரிய கணினி வாங்காதே, அந்தக் காசில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கு என்றேன். ஒரே டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் இல்லாத ஃபைல்தான். ஒரு காதுகுத்து விழாவை நான் அப்படித் தொலைத்திருக்கிறேன். அந்தக் குழந்தைக்கு மறுபடி காது குத்த முடியாதே.

கடைசியில் அவனுக்கு

அவன் அப்பா, என் மச்சான், நடத்தும் கடையின் நிலைமை எனக்குத் தெரியும். வீட்டுக் கடன் இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது, தங்கைக்காரி பன்னிரண்டாவது படிக்கிறாள். மாதாமாதம் சென்னைக்குக் காசு அனுப்ப அவரால் முடியாது, கேட்டால் எப்படியாவது அனுப்புவார், அதனால்தான் கேட்கக் கூடாது. இந்த ஒரு விஷயமே முதலில் சினிமா அறை என்ற வழியை அடைத்துவிடுகிறது. வேறு வீட்டுப் பையனாக இருந்து, அப்பா மூன்று வருடம் தாங்குவார் என்றால், நேராக வந்து சோபா போட்ட அறையைத் தேடு என்றுதான் சொல்லியிருப்பேன்.

மதுரை யூடியூப் சம்பளம் கல்யாண ஸ்டுடியோவில் கிடைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். இருந்தாலும் நான் ஸ்டுடியோ பக்கம் சாய்ந்தேன். வீட்டில் சாப்பாடு, வீட்டில் படுக்கை, வாங்குவது கையில் தங்கும். அதோடு பஞ்சாங்கமே லீவு கொடுக்கும். யூடியூபில் அந்த லீவு இல்லை, வாரத்துக்கு மூன்று வீடியோ என்றால் மூன்று வீடியோதான். காய்ந்த மாதங்களில் நுழைவுத் தேர்வுக்குப் படிக்கலாம். ஆனால் ஒரு வருடம், மிஞ்சினால் ஒன்றரை. அதற்குள் சென்னையில் ஆறு மாத வாடகையும் அட்வான்ஸும் சேரவில்லை என்றால் திரும்ப உட்கார்ந்து பேசுவோம். தப்புச் சொல்ல அங்கே ஆள் இல்லாததற்கு ஒரு ஒட்டு போட்டேன்: ஒவ்வொரு கல்யாணத்திலும் முகூர்த்தத்தை மட்டும் பாட்டே போடாமல், மேளமும் மந்திரமும் பேச்சும் மட்டும் வைத்து மூன்று நிமிடத்துக்குத் தனியாக வெட்டி எனக்கு அனுப்ப வேண்டும். கடைக்காரருக்கு அது தேவையில்லை, வாடிக்கையாளருக்கும் தேவையில்லை. இதுவரை இரண்டு வந்திருக்கிறது. இரண்டாவதில் பெண்ணின் அப்பா துண்டால் முகம் துடைக்கும் ஷாட்டைச் சரியான இடத்தில் விட்டிருக்கிறான், தெரிந்து விட்டானா தெரியாமல் விட்டானா என்று கேட்கவில்லை.

"உன்கிட்டயே சேத்துக்கலாம்ல?" என்று அக்கா கேட்டாள். சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்றதில் அவளுக்குக் கோபம். அவன் தப்புச் செய்தால் நான் ஒன்று சும்மா விடுவேன், இல்லையென்றால் மாமா என்ற உரிமையில் தேவைக்கு மேல் கத்துவேன். இரண்டும் அவனுக்கு உதவாது.

ஆடியில் முகூர்த்தம் இல்லை, கடை மந்தமாக இருக்கும். அப்போது பத்து நாள் சென்னைக்கு வருவதாக ஏற்பாடு. விருகம்பாக்கத்தில் என் நண்பர் ஒருவர் ஒரு படத்தின் இரண்டாம் பாதியை வெட்டிக்கொண்டிருப்பார். அவரிடம் கேட்டாயிற்று. பையன் வரலாம், சோபாவில் உட்கார்ந்துகொள்ளலாம், பத்து நாளும் வாயைத் திறக்கக் கூடாது என்பது அவருடைய நிபந்தனை.